வாக்குச் சாவடியில் கையும் கருவியும்

'வோட்டுப் போடுதல்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும் காரியத்தில் எத்தனை சிறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை நேயர்கள் எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வரிசையில் நிற்க வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். பட்டியலில் அப்பெயர் இருக்க வேண்டும். விரலை நீட்டி மை இட்டுக்கொள்ள வேண்டும். பிறகு தட்டி மறைவுக்குப் பின்னால் தனியே செல்ல வேண்டும். அங்கே வாக்காளர் நிற்கும் நேரம் பெரும்பாலும் அரை நிமிடத்துக்கு மேல் இராது. அந்த அரை நிமிடத்தில் அவருக்கு ஒருவரும் கை கொடுக்கலாகாது. ஒருவரும் எட்டிப் பார்க்கலாகாது. செய்துவிட்ட பிழையைப் பின்னர் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை செய்வதாகையால் கை பழகிப்போன வேலையுமன்று.

ஒரு கருவியைச் செய்பவர், அதைக் கையாளப் போகிறவர் தம் வேலையை எவ்வாறு செய்கிறார் என்று முதலில் அருகிருந்து பார்க்க வேண்டும் என்பது இன்று எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் குண்டு வீச்சு விமானங்களுள் ஒரு வகை, பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கையிலேயே திடீரென்று வயிறு தரையில் மோதி நொறுங்குவது வழக்கமாயிற்று. விமானிகளின் கவனக் குறைவே காரணம் என்று முதலில் கருதினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலார் விமானியின் இருக்கைப் பகுதியை ஆராய்ந்தார். சக்கரங்களை மடக்கும் விசையும் இறக்கைத் தட்டிகளை மடக்கும் விசையும் ஒன்றுபோலவே அமைந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. களைத்துப்போன கை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தள்ளிவிட்டது. அவர் செய்த பரிகாரம் மிகச் சிறியது. ஒரு விசையின் நுனியில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மற்றதன் நுனியில் இறக்கை போன்ற ஆப்பையும் பொருத்தச் செய்தார். அதன் பின் கண் பாராவிட்டாலும் கை அறிந்துகொண்டது.

ஆனால் வாக்காளரை இவ்வாறு அருகிருந்து பார்க்க முடியுமா? முடியாது, பார்ப்பது சட்ட விரோதம். பார்க்கக் கூடாத ஒரு வேலைக்குக் கருவி செய்து கொடுக்கும் சங்கடம், குடியரசுத் தேர்தல்களை நடத்துவோருக்கு என்றென்றும் உள்ளது. அவர்களுக்குக் கிடைக்கும் சாட்சியமெல்லாம் வாக்காளர் விட்டுச் சென்ற அடையாளங்களே. பெட்டியில் கிடந்தது என்ன, பெட்டிக்கு வெளியே கிடந்தது என்ன, செல்லாத சீட்டில் முத்திரை எங்கே விழுந்திருக்கிறது என்பனவற்றிலிருந்து, அந்த அரை நிமிடத்தில் நடந்ததை ஊகித்தறிய வேண்டும். நம் நாட்டுத் தேர்தல் முறை படிப்படியாக மாறிவந்த வரலாற்றை இந்தக் கண்கொண்டு நோக்கினால் மிகவும் சுவையாக இருக்கும்.

1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலின்போது வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேல். 1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேரே. அச்சிட்ட பெயரைப் படித்துத் தெரிந்தெடுக்கும்படி அவர்களைக் கேட்பதில் பொருளில்லை. ஆகவே அன்றைய தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அவர்களும் அவருடைய குழுவினரும், படிக்கவோ எழுதவோ வேண்டாத ஒரு முறையை வகுத்தனர். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். வாக்காளர் கையில் ஒரு ரூபாய் நோட்டு அளவுள்ள சீட்டு ஒன்று கொடுக்கப்படும். அதில் ஒன்றும் எழுத வேண்டாம். பிடித்த சின்னமுள்ள பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் போதும். உண்டியலில் காசு போடத் தெரிந்த எவருக்கும் இது கைவரும். சின்னங்களும், பசு, கோயில், தேசியக் கொடி போன்று பக்தியையோ உணர்ச்சியையோ தூண்டுவனவற்றை நீக்கிவிட்டு, அன்றாடம் கண்ணில் படும் எளிய பொருள்களாகவே தெரிந்தெடுக்கப்பட்டன.

காகிதத்தில் பார்க்கும்போது இதில் குறை காண்பது அரிது. நடைமுறையில் என்ன ஆயிற்று? சிலர் சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்தனர். பெட்டிகள் சிலவற்றைத் திறந்தபோது பூவும் காசும் வேண்டுகோள் எழுதிய துண்டுக் காகிதங்களும் கிடைத்தன. உண்டியலைப் போன்றது என்று நாம் சொன்னோமல்லவா? மக்களும் அவ்வாறே கருதிவிட்டனர்! இவை சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. மறைவில் தனியே இருக்கும் வாக்காளர் சீட்டைப் பெட்டியில் போட்டாரா, மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாரா என்பதை எவரும் அறிய முடியாது. வெளியே வந்த சீட்டுக்கு விலை பேச ஆள் இருந்தது. பல சீட்டுகளை வாங்கியவர், உள்ளே செல்லும் ஒருவர் மூலம் அனைத்தையும் ஒரே பெட்டியில் சேர்த்துவிடலாம். வாக்காளருக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடே வியாபாரிக்கும் எளிதாகிவிட்டது. கருவி செய்வோர் நல்லவர் வேலை செய்யும் விதத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. திருடன் வேலை செய்யும் விதத்தையும் ஆராய வேண்டும்.

அதே தேர்தலில் சாவடிக்கு வெகு தூரம் முன்பே நேர்ந்த மற்றொரு பிழையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. வாக்காளர் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகச் சென்ற கணக்கர்களிடம், வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. அந்நிய ஆடவரிடம் பெயர் சொல்லும் வழக்கம் அவர்களிடையே இல்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று சொன்னார்கள். கணக்கரும் அவ்வாறே எழுதிக்கொண்டார். பெயரில்லாதவருக்கு வாக்கில்லை என்று தேர்தல் கமிஷன் உறுதியாக நின்றது. சில இடங்களில் திருத்திக்கொள்ள மேற்கொண்டு அவகாசமும் அளிக்கப்பட்டது. அப்படியும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கமிஷனின் கொள்கை தவறென்று நாம் சொல்லமாட்டோம். பெண் ஒரு தனி நபர், அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு என்பதை நாட்டில் நிலைநாட்டிய கொள்கை அது. ஆயினும் 'பெயர்' என்று ஒரு கட்டத்தை அச்சிட்ட போது, அந்தக் கட்டத்தை நிரப்ப யார் வாசலில் நிற்பார், யார் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்வார் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. ஓர் ஆணுக்குப் பதில் ஒரு பெண் கணக்கர் அந்த வாசலில் நின்றிருந்தால் அந்த 28 இலட்சத்தில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

பெட்டி முறை 1957-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் நீடித்தது. அதன் பின் கேரளத்திலும் ஒரிஸ்ஸாவிலும் நடந்த இடைக்காலத் தேர்தல்களில் புதிய முறை கையாளப்பட்டு, 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அதுவே பொது முறையாயிற்று. ஒரே சீட்டில் எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும். விரும்பிய சின்னத்தின்மீது ரப்பர் முத்திரை. பிறகு மடித்து, அதிகாரி கண் முன்னே இருக்கும் ஒரே பெட்டியில் போடுதல். குறியிடுவது மறைவில், பெட்டியில் இடுவது வெளிச்சத்தில் என்று இரண்டு வேலைகளையும் பிரித்த இந்த ஏற்பாட்டினால் சீட்டு வெளியேறும் வழி பெரிதும் அடைபட்டது.

ஆனால் கைக்கு வேலை கூடிவிட்டது. முன்பு போடுவது ஒன்றே. இப்போது ஒற்றுவது, மடிப்பது, போடுவது என மூன்று. கைநாட்டு வைத்துப் பழகியவர், அரசாங்கக் காகிதம் எதைக் கண்டாலும் கட்டை விரலை மையில் தோய்ப்பது இயல்பு. தேர்தலிலோ, வாக்காளர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் குறி எதுவும் சீட்டைச் செல்லாததாக்கிவிடும். கடன் பத்திரத்துக்கு உயிர் கொடுக்கும் அதே கட்டை விரல், வாக்குச் சீட்டைக் கொன்றுவிடுகிறது. இதை அவருக்கு எப்படி விளக்குவது?

இந்த முத்திரையின் வடிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், மக்கள் வேலை செய்யும் விதத்தை உணர்ந்து செய்த கருவிக்கு இதைவிடச் சிறந்த சான்று நாம் கண்டதில்லை. மை உலரும்வரை காத்திருக்கும் பொறுமை வாக்காளருக்கு இராது. வெளியே வரிசை நிற்கிறது. முத்திரை குத்தியவுடன் சீட்டை மடிப்பார். மடித்தால் ஈர மை எதிர்ப் பக்கத்திலும் படியும். எண்ணும் மேஜையில் அச்சீட்டைப் பிரித்தால் இரண்டு வேட்பாளர்களுக்குக் குறி இருப்பதுபோல் தோன்றும். வட்டமோ, வெறும் பெருக்கற் குறியோ முத்திரையாக இருந்தால், குத்தியது எது, படிந்தது எது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே நான்கு முனைகளும் ஒரே சுழற்சியில் திரும்பிய அம்புக் குறுக்குக் குறியை முத்திரையாக்கினர். இது கண்ணாடியில் தெரிவதுபோல் மறுபக்கம் படியும்போது முனைகள் எதிர்ச் சுழற்சியில் திரும்பிவிடும். எண்ணுபவர் ஒரு பார்வையில் அசலையும் நிழலையும் பிரித்துவிடலாம். 'உலர்ந்த பின் மடிக்கவும்' என்று சுவரெங்கும் அறிவிப்பு ஒட்டுவதைக் காட்டிலும், ஈரத்தோடு மடிக்கத்தான் போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு முத்திரையை மாற்றியதில் உள்ள விவேகத்தை என்னவென்பது!

மடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சீட்டை முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும் மடிக்கச் சொல்வார்கள். நெடுக்கில் மடித்தால் வலப்பாதி இடப்பாதியின்மேல் விழும். மை படிந்தாலும் அதே வேட்பாளரின் கட்டத்திலேயே படியும். முதலில் குறுக்கில் மடித்தாலோ மேலே உள்ளவரின் மை கீழே உள்ளவரின் கட்டத்துக்குப் போய்விடும். இவ்வளவும் செய்தும் இரண்டு கட்டங்களுக்கு நடுவே முத்திரை குத்துவோர் இருந்தனர். அதற்காகக் கட்டங்களுக்கு இடையே நிழலிட்ட பட்டை ஒன்றை அச்சிட்டார்கள். செல்லாத வாக்குகள் அடியோடு ஒழிந்தனவா என்றால் இல்லை; தேர்தலுக்குத் தேர்தல் அவை குவிந்துகொண்டேயிருந்தன. தமிழ்நாட்டில் 1996-ஆம் ஆண்டு மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றபோது, வாக்குச் சீட்டு சீட்டாக இராமல் ஒரு புத்தகமாகவே ஆயிற்று. புத்தகத்தில் தம் சின்னத்தைத் தேடுபவர் அரை நிமிடத்தில் வெளிவருவாரா என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நிற்க. இங்கு நம் தொழிலைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். நாம் மத்திய சர்க்கார் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து வருகிறோம். அறிவிப்புகள், படிவங்கள், அவற்றை நிரப்பும் முறைகள் ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது நம் அன்றாட வேலை. சில ஆண்டுகளுக்கு முன்பு வாக்களிக்கும் முறையை விளக்கும் சிறு குறிப்பொன்று நம் மேஜைக்கு வந்தது. மூலத்திலிருந்த சொல்லை விடாமல் பற்றிக்கொண்டு, 'வேட்பாளரின் பெயருக்கு எதிராக உள்ள நீலப் பொத்தானை அழுத்துக' என்று எழுதினோம். இலக்கணப் பிழையில்லை, அகராதியும் ஆதரவு தரும். அதை அச்சுக்கு அனுப்புமுன், நாம் குடியிருக்கும் பகுதியில் தோட்ட வேலை செய்யும் சேலத்துப் பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஏனுங்க, எனக்கு வேண்டியவருக்கு எதிரா நான் எதுக்குங்க அமுக்கணும்?" என்று கேட்டார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பெயருக்கு நேரே' என்று திருத்தினோம். அன்று முதல், எந்தக் குறிப்பையும் அதன்படி நடக்க வேண்டியவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று வாய் திறவாமல் பார்த்த பின்னரே கையெழுத்திடுவது என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டிருக்கிறோம். வாய் திறவாமல் இருப்பதுதான் மிகக் கடினம். அவர் தடுமாறும்போது விளக்கம் சொல்லிவிட நா துடிக்கும். ஆனால் சாவடியில் அவருடன் நாம் நிற்கப் போவதில்லையே!

மின்னணு யந்திரத்துக்கு வருவோம். கேரளத்தில் பரவூர்த் தொகுதியின் 50 சாவடிகளில் 1982-ஆம் ஆண்டு மே மாதம் அது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் முழுவதும் யந்திரத்தாலேயே நடந்தது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள இரு பொதுத்துறை நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. இதன் புற வடிவம் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில் வடிவமைப்பு மையத்தில் உருவாயிற்று. படிப்பறிவில்லாதவர் யந்திரத்தைக் கண்டு மிரள்வார் என்று அப்போது பலர் கூறினர். ஆனால் கையின் வேலையை எண்ணிப் பார்த்தால், ஒற்றுதலும் மடித்தலும் போடுதலும் போய் மீண்டும் ஒரே செய்கையாயிற்று. சின்னத்துக்கு நேரே நீலப் பொத்தான். அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு. உடனே 'பீப்' என்று நீண்ட ஒலி. இரு கட்டங்களுக்கு நடுவே அழுத்த இயலாது. இருவருக்கு அழுத்தினாலும் முதலாவதே பதியும். செல்லாத வாக்கு என்பதே இதில் பிறக்க வழியில்லை. அதிகாரி தம் பக்கத்துப் பொத்தானை அழுத்தி அனுமதித்தாலன்றி அடுத்த வாக்கு பதிவாகாது. சாவடியைக் கைப்பற்றும் கும்பல் கட்டுக் கட்டாக முத்திரை குத்தித் தள்ளியதுபோல் இதில் தள்ள முடியாமல், நிமிடத்துக்குச் சில வாக்குகளே பதியும்படியும் அமைத்தார்கள். திருடனின் வேலை முறையையும் இம்முறை ஆராய்ந்திருக்கிறார்கள்.

பின்னர் மேலும் சில திருத்தங்கள் வந்தன. ஒரே பெயருள்ளவர்கள் ஒரே தொகுதியில் நின்று குழப்பம் விளைவித்ததால் 2015 மே முதல் வேட்பாளரின் புகைப்படமும் சேர்க்கப்பட்டது. வாக்கு பதிந்த விதத்தை வாக்காளரே காணும் பொருட்டு, எண்ணும் பெயரும் சின்னமும் அச்சிட்ட காகிதச் சீட்டை ஏழு விநாடி காட்டும் பெட்டி 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் வந்து, 2019-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வைக்கப்பட்டது.

அந்த 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் தலைநகரில், ஒரு பள்ளிக்கூடச் சாவடியில் நமக்குத் தேர்தல் பணி கிடைத்தது. தட்டிக்கு இப்பால் அமர்ந்திருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. காதில் விழும் அந்த ஒலி ஒன்றே சாட்சி. மூதாட்டி ஒருவர் உள்ளே சென்றார், ஒலி வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. "மகனே, இது வேலை செய்யவில்லை" என்று இந்தியில் குரல் கொடுத்தார். அவரை வெளியே வரச் செய்து, தலைமை அதிகாரி கட்சி முகவர்களின் முன்னிலையில் அட்டையால் செய்த மாதிரியைக் காட்டி, "மாதாஜி, எங்கே அழுத்தினீர்கள்?" என்று வினவினார். அவர் சின்னத்தின் படத்தின்மேல் விரலை வைத்தார். "பேரனுடைய போனில் படத்தைத் தொட்டாலே போதுமே!" என்றார். 1982-இல் எவரும் எண்ணியிருக்க முடியாத பிழை இது. பொத்தானுக்குப் பழகாதவர் என்று நாம் நினைத்த பாட்டி, பொத்தானையே கடந்து போய்விட்டார். மீண்டும் உள்ளே சென்றார், ஒலி கேட்டது.

பிற்பகல் வெயிலில் வரிசை மெலிந்த நேரத்தில் கண் பார்வையற்ற ஒருவர் தம் தங்கையுடன் வந்தார். நாற்பது வயதிருக்கும். துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துச் செல்ல விதி இடந்தருகிறது. அவர் தங்கையை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, பிரெயில் எழுத்திலுள்ள மாதிரித் தாளைக் கேட்டார். விரலால் தடவி, வேட்பாளர் பெயர்களைப் படித்து, வேண்டிய எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டார். யந்திரத்தில் பொத்தான்களின் அருகே அதே எண்கள் பிரெயிலில் பொறிக்கப்பட்டுள்ளன. 2004-இல் ஆந்திரத்தின் ஆசிஃப் நகர் இடைத்தேர்தலில் தொடங்கிய ஏற்பாடு இது. பிரெயில் கற்கும் வாய்ப்பில்லாதவருக்கும் நடுவயதில் பார்வை இழந்தவருக்கும் இதனால் பயனில்லை என்பது வேறு விஷயம். நம் நண்பர் கற்றவர். தடியால் தரையைத் தட்டிக்கொண்டு தனியே உள்ளே போனார். சற்று நேரத்துக்கெல்லாம் ஒலி கேட்டது.

வெளியே வந்தவர் நம் மேஜையருகே நின்றார். "ஏதோ ஒரு சீட்டு அச்சாகி விழும், அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று வானொலியில் சொன்னார்களே, அது விழுந்ததா?" என்று கேட்டார். விழுந்திருக்கும் என்றோம். "அதில் என்ன இருந்தது?"

தலைமை அதிகாரி நம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். அதைப் பார்த்துச் சொல்லும் உரிமை எங்களில் ஒருவருக்கும் இல்லை. தெரிந்துகொள்ளும் உரிமை உள்ளவருக்கோ பார்வை இல்லை. ஏழு விநாடி எப்போதோ கடந்துவிட்டது. அவர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, ஒலி கேட்டதல்லவா" என்று சொல்லிவிட்டுத் தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார். நாம் பதிவேட்டில் அடுத்தவரின் வரிசை எண்ணை எழுதத் தொடங்கினோம்.